திரை போட்ட காடிலாக்!

“ஐயோ... அம்மா... ஆ... ஆ... ஆ...!”

அந்த அலறலில் கிரின்ஸ்டெட் நகரமே ஒரு தரம் குலுங்கியது!

டென்மார்க்கில் ஒரு நகரம் என்றதும் பெரிதாகக் கற்பனை பண்ணிவிடாதீர்கள். ஒரு தொழிற்சாலை, ஒரு சதுக்கம், மனம் வைத்தால் வருகிற ஒரு பஸ். அவ்வளவுதான். சனிக்கிழமை மத்தியானத்தில் அங்கே யாராவது பலமாகத் தும்மினாலே பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கும்.

இன்று தெரு முழுவதும் ஜன்னல்கள் திறந்தன.

அலறியவன் ஸ்ரான்லி. வயோதிபர் இல்லத்தில் வேலை பார்ப்பவன். எத்தனையோ கிழவர்களுக்குக் கடைசி நேரத்தில் கண்ணை மூடிவிட்டவன். அவனே அலறுகிறான் என்றால் விஷயம் சின்னதல்ல!

பாதிக் கன்னத்தில் சவர நுரையோடு வெளியே பாய்ந்து வந்தான் நேதன். இருவரும் ஒரே வீட்டை வாடகைக்கு எடுத்து இருக்கிறவர்கள்.

“என்னடா மச்சான்! பாம்போ?”

“பாம்பெண்டால் சந்தோசப்பட்டிருப்பனடா! உன்ர காரைத் துடைச்சு விடுவம் எண்டு பின்கதவைத் திறந்தன்... உள்ளுக்க... உள்ளுக்க...”

“உள்ளுக்க என்ன? சொல்லித் துலையன்!”

“பெட்டி!”

“என்ன பெட்டி? சாப்பாட்டுப் பெட்டியோ?”

“சவப்பெட்டியடா விசரா! மேல பூவெல்லாம் வைச்சுக் கிடக்கு!”

நேதனின் கன்னத்து நுரை வழிந்து சட்டையில் சொட்டியது.

முற்றத்தில் அந்தக் கார் நின்றது. வெள்ளை வெளேர் என்று... நீளமோ நீளம்... மூக்கில் அமெரிக்கக் காடிலாக் கம்பனியின் கேடயச் சின்னம் மினுங்க... பக்கக் கண்ணாடிகளில் சாம்பல் நிறத் திரைச்சீலை தொங்க...! அன்று காலையில்தான் வடக்கே ஓல்போர்க் நகரத்தில் வாங்கி, நேதன் தன் கையால் ஓட்டி வந்த கார். அதன் பின்கதவு ‘ஆ’வென்று திறந்திருந்தது. உள்ளே ஒரு வெள்ளைச் சவப்பெட்டி இருந்தது.

அந்த நேரம் பார்த்து...

ட்ரிங்... ட்ரிங்...!

நேதன் போனை எடுத்தான்.

“நேதன்! அப்பா வெளிக்கிட்டிட்டார்!” மறுமுனையில் தபிதா. அவன் உயிர்.

“ஆ...? பின்னேரம் எண்டுதானே சொன்னவர்?”

“அவருக்குப் பொறுக்கேல்லை. காடிலாக்கைப் பாக்கோணுமாம். காலமை தொடக்கம் அதே கதைதான். நானும் அவரோட வாறன். வடிவா வெளிக்கிட்டு நில்லுங்கோ, என்ன?”

லைன் கட்.

நேதன் அப்படியே முற்றத்துப் புல்லில் உட்கார்ந்தான்.

தபிதாவின் அப்பா தேவராஜாவைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். கிரின்ஸ்டெட் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். ஞாயிறு காலையில் ஜெபக்கூட்டம், ஞாயிறு மாலையில் காடிலாக்! ஒரு பழைய மண்ணிறக் காடிலாக்கைச் சுவீடனிலிருந்து கொண்டுவந்து, மாளிகை போலக் கராஜ் கட்டி அதற்குள் வைத்திருக்கிற மனிதர். வீட்டில் மனைவி ரூத்துக்கு ஒரு நல்ல குடை கிடையாது... காருக்கு மூன்று உறை!

மகளைக் கேட்டுப் போன நேதனிடம் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

“தம்பி, நீர் என்ன கார் ஓடுறீர்?”

“சைக்கிள், அங்கிள்.”

“காடிலாக் வைச்சுப் பராமரிக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் பெண்சாதியை வைச்சுப் பராமரிக்கத் தெரியும். ஒண்டை வாங்கிக்கொண்டு வாரும். பிள்ளையைத் தாறன். இல்லையெண்டால் விபோர்க்கில பாலேந்திரன்ர பெடியன் கேட்டு நிக்கிறான்... அவனுக்கு ஓமெண்டு சொல்லிப்போடுவன்!”

கெடு இன்றைக்கு!

“மச்சான்...” நேதன் புல்லைப் பிடுங்கினான். “அவர் உதைக் கண்டாரெண்டால் என்ர கதை முடிஞ்சுது. தபிதா இல்லாட்டி நான் என்னடா செய்வன்?”

“அதைப் பிறகு அழு! முதல்ல இது ஆர் எண்டு சொல்லு! ஆரையடா கொண்டந்தனி?”

“எனக்கென்னடா தெரியும்! கார் வித்த டேனிஷ்காரன் துறைமுகத்தடியில நிண்டு திறப்பைத் தந்தான். கறுப்புக் கண்ணாடி, கம்பளித் தொப்பி. கார் தன்ர வளவுக்குள்ள நிக்குதாம், ஒருத்தரோடையும் கதையாமல் எடுத்துக்கொண்டு போகட்டாம். எடுத்துக்கொண்டு வந்தன்.”

“பின்னுக்குத் திறந்து பாக்கேல்லையோ?”

“திரை போட்டுக் கிடந்துதடா! ஆடம்பரக் காரெண்டால் அப்பிடித்தான் எண்டு நினைச்சன்!”

சிரிக்காதீர்கள். கல்யாண ஆசையில் இருக்கிறவன் முன்கண்ணாடியை மட்டும்தான் பார்ப்பான்.

“பொலிசுக்குப் போன் அடிப்பம்,” என்றான் ஸ்ரான்லி.

“அடிப்பம்... அவர் வந்திட்டுப் போகட்டும்... ஒரு கால் மணித்தியாலம்!”

“பிணத்தோடையோ?”

“பெட்சீற் ஒண்டு கொண்டாடா!”

கொண்டுவந்தான். மூடினார்கள். பூப் போட்ட பெட்சீற். அதற்குமேல் இரண்டு தலையணை. பின்கதவை அடித்துச் சாத்தினார்கள். சாத்திவிட்டுத் திரும்பவும்...

கர்ர்ர்ர்ர்...!

மண்ணிறக் காடிலாக் கப்பல் போல வந்து தெருவை அடைத்துக்கொண்டு நின்றது.

தேவராஜா இறங்கினார். கோட்டு, டை, தலையில் தொப்பி. முகமெல்லாம் சிரிப்பு. “எங்க தம்பி, எங்க உம்மட...”

சிரிப்பு நின்றது.

வெள்ளைக் காரைப் பார்த்தார். நேதனைப் பார்த்தார். தொப்பியை மெதுவாகக் கழற்றி நெஞ்சில் வைத்தார்.

“தம்பி... ஆர் மோசம் போனது? ஆற்ரை செத்தவீடு?”

“ஒருத்தரும் இல்லை அங்கிள்! இதுதான் என்ர காடிலாக்!”

பின்னால் இறங்கிய தபிதா வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய விரல்களுக்கிடையால் சிரிப்பு பீறிட்டது.

“நேதன்! விளம்பரத்தில என்னெண்டு போட்டிருந்தது?”

“ரஸ்ட்-வொக்ன்! டேனிஷில ரஸ்ட் எண்டால் கறள், துரு. வொக்ன் எண்டால் வண்டி. ரெண்டையும் தனித்தனியா அகராதியில பாத்தனான். கறள் பிடிச்ச வண்டி. அதுதான் மலிவு எண்டு விளங்கினது. கிட்டப் போய்ப் பாத்தால் ஒரு பொட்டுக் கறள் இல்லை! கர்த்தர் எனக்கெண்டே வைச்சிருந்தார் எண்டு நினைச்சன்...”

“ஐயோ நேதன்! அது ரஸ்ட்-வொக்ன் இல்லை. ‘ரூஸ்ட்வோவ்ன்’! ரெண்டையும் சேர்த்தால் பிரேத வண்டி!”

நேதனுக்குப் பூமி நழுவியது.

அப்போதுதான் அவனுக்கு எல்லாம் விளங்கிற்று. ஓல்போர்க்கிலிருந்து வந்த வழி முழுக்க ஒருவரும் ஹோன் அடிக்கவில்லை. ஒருவரும் முந்தவில்லை. விபோர்க்கில் ஒரு கிழவர் சைக்கிளை நிறுத்தி இறங்கித் தொப்பியைக் கழற்றினார். காடிலாக்குக்கு என்ன மரியாதை என்று புல்லரித்துப்போய் இவனும் கையை ஆட்டிவிட்டு வந்தான்!

தேவராஜாவுக்குக் காது சிவந்தது. ஆனாலும் மனிதரின் வாய் சும்மா இருக்கவில்லை.

“சாமான் நல்ல சாமான்தான். காடிலாக் கொம்பனி இதுக்கெண்டே நீளச் சேசி, அதுதான் அடிச்சட்டம், செய்து வித்தவன். காருக்கு மேல்கூடு கட்டுறவங்கள் அதை வாங்கித்தான் பிரேத வண்டியும் அம்புலன்சும் கட்டினவங்கள். உமக்குத் தெரியுமோ... 1908ஆம் ஆண்டு இங்கிலாந்தில மூண்டு காடிலாக்கைக் கழட்டி, பாகங்களைக் குவியலாக் கலந்து, திருப்பிப் பூட்டி ஓட்டிக் காட்டினவங்கள்! அதுக்குக் கிண்ணம் குடுத்தவங்கள்! கைப்பிடி சுத்தாமல் முதன்முதல் கரண்டில ஸ்டாட் பண்ணினதும் இவங்கள்தான்...”

“அப்பா!” என்றாள் தபிதா.

“ஓம் ஓம். அது வேற கதை.” தொண்டையைச் செருமினார். “தம்பி, என்ர பிள்ளையைப் பொம்பிளை கேக்கப் பிரேத வண்டியில வந்த முதல் ஆள் நீர்தான். சரி, பின்னுக்குத் திறவும். உள்வேலைப்பாட்டைப் பாப்பம்.”

“வேண்டாம் அங்கிள்!”

“ஏன்?”

“அது... பின்னுக்கு... படுக்கை போட்டிருக்கு.”

“படுக்கையோ? என்ன கோதாரிக்கு?”

தேவராஜாவின் கை கைப்பிடிக்குப் போனது. ஸ்ரான்லி கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

கதவு திறந்தது.

அதே வினாடியில்...

ஊ... ஊ... ஊ... ஊ...!

பொலிஸ் கார் வந்து நின்றது. இறங்கியவள் கிருபாஷினி. தபிதாவோடு ஒரே பள்ளியில் படித்தவள். கிரின்ஸ்டெட்டில் பிறந்து வளர்ந்து பொலிசில் சேர்ந்த தமிழ்ப்பிள்ளை. இன்று அவள் முகத்தில் சிநேகிதம் இல்லை.

“உந்தக் கார் ஆற்ரை?”

“என்ர...” என்று கை தூக்கினான் நேதன்.

“பிரேத வண்டியில போய் விபோர்க்கில கார்ச் சன்னலால பேர்கர் வாங்கினது நீங்களோ?”

“பசிச்சது...”

“அந்தப் படம் இப்ப பேஸ்புக் முழுக்க ஓடுது! அதைப் பாத்துத்தான் உங்கட தெருச்சனம் பொலிசுக்குச் சொன்னது. அங்க ஓல்போர்க்கில என்ன நடக்குதெண்டு தெரியுமோ? சேர்ச் நிறையச் சனம். பாதிரியார் ரெடி. ஓர்கன் வாசிக்கிறவர் வாசிச்சுக் களைச்சுப்போனார். பிரேதத்தைக் காணேல்லை!”

பெட்சீற்றை இழுத்தாள். தலையணை இரண்டும் உருண்டன. லில்லிப் பூவும் பெட்டியும் பளிச்சென்று தெரிந்தன.

“கர்த்தாவே!” தேவராஜா பின்னால் துள்ளினார். “தம்பி! உள்ளுக்க ஆளிருக்கோ?”

“இருக்கிறார் அங்கிள்,” என்றாள் கிருபாஷினி. “பேர் ஹென்னிங். பிரேத அடக்கம் செய்து குடுக்கிற தொழில். சொந்தக் காடிலாக். ஸ்பெயினுக்கு லீவில போன இடத்தில செத்துப்போனார். பெட்டி அங்கயிருந்து சீல் வைச்சு வந்தது. அவரை அவற்ரை காரிலயே கடைசியாக் கொண்டுபோகோணுமெண்டு மனுசி ஏற்றி வைச்சிட்டு உடுப்பு மாத்தப் போயிருக்கிறா. வந்து பாத்தால் காரும் இல்லை, புருசனும் இல்லை!”

“நான் களவெடுக்கேல்லை! காசு குடுத்து வாங்கினனான்!”

“ஆரிட்ட?”

“கார்ச் சொந்தக்காரனிட்ட!”

“கார்ச் சொந்தக்காரன் பெட்டிக்குள்ள கிடக்கிறான் நேதன்!”

கிருபாஷினி இடுப்பிலிருந்து விலங்கை எடுத்தாள்.

“பிரேதத்தைக் கடத்தினதெண்டால் லேசான கேஸ் இல்லை. விசாவும் போயிடும். கையை நீட்டுங்கோ.”

க்ளிக்!

விலங்கு விழுந்தது.

“கிருபா, ப்ளீஸ்... அவர் அப்பிடிப்பட்ட ஆளில்லை!” தபிதாவின் சிரிப்பெல்லாம் போய்க் கண் நிறைந்துவிட்டது.

“வா பிள்ளை போவம்.” தேவராஜா அவள் கையைப் பிடித்தார். “நல்ல காலம், முதலே தெரிஞ்சுது. நான் விபோர்க்குக்குப் போன் அடிச்சுப் பாலேந்திரனுக்கு ஓமெண்டு சொல்லுறன்.”

“நான் வரேல்லை அப்பா.”

“தபிதா!”

“நான் வரேல்லை எண்டால் வரேல்லை!”

நேதனுக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. விலங்கு கூட வலிக்கவில்லை. விபோர்க் என்ற அந்த ஒரு சொல்தான் வலித்தது.

கிருபாஷினி தன் போனை நீட்டினாள். “நீங்கள் கடத்தின மனுசனைப் பாருங்கோ. இதுதான் மரண அறிவித்தல்.”

திரையில் ஒரு படம். தலை வழுக்கை. பெரிய சிரிப்பு. சிரிப்பில் ஒரு தங்கப்பல்.

நேதன் பார்த்தான்... கண்ணைக் கசக்கினான்... திரும்பவும் பார்த்தான்!

“இவன்தான்!”

“என்ன?”

“இவன்தான் எனக்குக் கார் வித்தவன்! இண்டைக்குக் காலமை! இந்தப் பல்லைக் காட்டிக்கொண்டுதான் காசை எண்ணினவன்!”

“நேதன், செத்த மனுசன் எப்பிடிக் கார் விப்பான்?”

“சத்தியமாச் சொல்லுறன்...”

“பயத்தில மூளை குழம்பிட்டுது,” என்று முணுமுணுத்தார் தேவராஜா.

ட்ரிங்... ட்ரிங்...!

நேதனின் சட்டைப்பையில் போன் அலறியது. ஸ்ரான்லி எடுத்துப் பார்த்தான். திரையில் ‘கார்க்காரன்’ என்றிருந்தது. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

“மச்சான்... உன்ர செத்தவர் எடுக்கிறார்!”

கிருபாஷினி உதட்டில் விரல் வைத்தாள். ஸ்பீக்கரைத் தட்டினாள்.

ஒரு ஆண்குரல். டேனிஷில். பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிற குரல்.

“ஏய்! காரோடு இப்போது எங்கே இருக்கிறாய்?”

“வீ... வீட்டில்,” என்றான் நேதன், வகுப்பில் படித்த டேனிஷில்.

“பின்பக்கம் திறந்தாயா?”

கிருபாஷினி வேகமாகத் தலையாட்டினாள். இல்லை என்று சொல்!

“இல்லை.”

“திறக்காதே! என் மனைவி அதில் ஒரு சாமானை ஏற்றியது எனக்குத் தெரியாது. இப்போதுதான் சொல்லித் தொலைத்தாள். உடனே காரைத் திருப்பிக் கொண்டு வா. விபோர்க் ஏரிக்கரைக் கார் நிறுத்துமிடம். உன் காசு முழுவதும் தருகிறேன். யாரிடமும் மூச்சு விடாதே!”

நேதன் நிமிர்ந்தான். விலங்கிட்ட கையால் முகத்து நுரையைத் துடைத்துக்கொண்டான். பிறகு எங்கிருந்து வந்ததோ அந்தத் துணிச்சல்!

“வருகிறேன்... பெற்றோல் செலவும் தர வேண்டும்!”

“தருகிறேன்... வா!”

லைன் கட்.

எல்லோருடைய தலையும் மெதுவாக, ஒன்றாக, சவப்பெட்டியின் பக்கம் திரும்பியது.

“அவன் அங்க கதைக்கிறான்...” ஸ்ரான்லி திக்கினான். “அப்ப இதுக்குள்ள கிடக்கிறது ஆர்?”

கிருபாஷினி மேலதிகாரியை அழைத்தாள். மளமளவென்று டேனிஷில் பேசினாள். “யா... யா... ஓகே.” வைத்தாள். கையுறையை மாட்டினாள்.

“ஸ்குரூ டிரைவர் இருக்கோ?”

இருந்தது. ஒவ்வொரு ஆணியாகக் கழன்றது. கடைசி ஆணி... கழன்றது. மூடியைத் தூக்கினார்கள். தபிதா நேதனின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்பா பார்க்கிறாரே என்ற எண்ணமே அவளுக்கு இல்லை.

உள்ளே...

சாக்கு!

சாக்குக்குள்...

உருளைக்கிழங்கு!

ஒன்று உருண்டு வந்து தேவராஜாவின் பொலிஷ் போட்ட சப்பாத்தில் முட்டி நின்றது. குனிந்து எடுத்தார். மண்ணைத் தட்டிப் பார்த்தார்.

“யூலன்ட் கிழங்கு பிள்ளை, இங்க டென்மார்க்கில விளைஞ்சது! சாக்கிலயும் எழுதிக் கிடக்கு!”

“ஸ்பெயினில செத்து, ஸ்பெயினில சீல் வைச்ச பெட்டிக்குள்ள யூலன்ட் கிழங்கு!” கிருபாஷினி சீட்டியடித்தாள். “விளங்கிட்டுது. காப்புறுதிக் காசுக்குச் செத்திருக்கிறார்! தொழிலே இதுதான். எந்த முத்திரையை எங்க குத்தோணும் எண்டு அவருக்குத் தெரியாததோ? மனுசியும் கூட்டு. ஆனால் காப்புறுதி வரும் மட்டும் பொறுக்கேலாமல் மனுசிக்கு ஒளிச்சுக் காரை வித்துப்போட்டார். மனுசி இவரைக் கேளாமல் பெட்டியைக் காரில ஏத்திப்போட்டா. புருசனும் பெண்சாதியும் ஒரு வார்த்தை கதைச்சிருந்தால் பின்னேரம் கிழங்கைப் புதைச்சிட்டுக் கோப்பி குடிச்சிருப்பினம்!”

க்ளிக்! நேதனின் விலங்கு கழன்றது.

“மன்னியுங்கோ நேதன். கார் தடயம். இப்ப இழுத்துக்கொண்டு போக ஆள் வரும். இனி அது உங்களுக்குக் கிடைக்காது.”

“நீ எங்க போறாய் கிருபா?” என்றாள் தபிதா.

“விபோர்க்குக்கு. செத்த ஆளைக் கைது செய்யப் போறது இதுதான் முதல் தரம். போய் நிண்டு சட்டம் வாசிக்கிறதோ ஜெபம் வாசிக்கிறதோ எண்டுதான் தெரியேல்லை!”

ஊ... ஊ... ஊ...! பறந்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் இழுவை வண்டி வந்தது. வெள்ளைக் காடிலாக் அதன் முதுகில் ஏறியது. தெருவில் நின்ற டேனிஷ்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஜெயிலிலிருந்து தப்பியாகிவிட்டது. ஆனால் தபிதா? நேதன் தேவராஜாவின் பக்கம் திரும்பினான்.

“அங்கிள்... நான் குற்றவாளி இல்லை எண்டு தெரிஞ்சுதுதானே?”

“ஓம் தம்பி. நல்ல பெடியன். நெஞ்சுரமும் இருக்கு. ‘பெற்றோல் செலவு தா’ எண்டு கேட்டீர் பாரும், அது எனக்குப் பிடிச்சுது.” பெருமூச்சு விட்டார். “ஆனால் சொன்ன சொல்லு சொல்லுதான். காடிலாக் இல்லாத பெடியனுக்கு என்ர பிள்ளை இல்லை. இப்ப உம்மட்ட இல்லையே! நான் என்ன செய்யிறது?”

நேதன் தலையைக் குனிந்தான். ஸ்ரான்லி அவன் முதுகைத் தடவினான்.

தபிதா கண்ணைத் துடைத்தாள். மூக்கை உறிஞ்சினாள். பிறகு அப்பாவின் முன்னால் போய் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“அப்பா. காடிலாக் இருக்கிற பெடியனுக்குத்தான் என்னைக் குடுப்பீங்கள். அப்பிடித்தானே?”

“ஓம்.”

“சொல்லு மாறமாட்டீங்கள்?”

“உயிர் போனாலும் மாறன்!”

“நல்லது. எங்கட யாழ்ப்பாணத்து முறைப்படி பொம்பிளைக்குச் சீதனம் குடுக்கோணும். வீடு வேண்டாம், நகை வேண்டாம்...” அவள் விரல் மெதுவாகத் திரும்பி, தெருவில் மினுங்கிக்கொண்டிருந்த மண்ணிறக் காடிலாக்கைக் காட்டியது. “அதை நேதனுக்குச் சீதனமா எழுதுங்கோ. அவரிட்டயும் காடிலாக் இருக்கும். உங்கட சொல்லும் நிக்கும்!”

தேவராஜாவுக்கு மூச்சு நின்று வந்தது.

உருளைக்கிழங்கு கையிலிருந்து விழுந்தது. ஒரே பாய்ச்சல்! காரின் முன்மூடியில் இரண்டு கையையும் விரித்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு மனிதர் கத்தினார்:

“தம்பி...! ஒரு நிபந்தனையும் இல்லை... பிள்ளையை இப்பவே கூட்டிக்கொண்டு போம்... காரில மட்டும் கை வைச்சிடாதேயும்!”